சமாதானம் பதிவாகாத கசெற்

எங்களுக்கு வாடகைக்கு இடம் தந்த வீட்டுக்காரர் தன் தம்பிக்கு அனுப்பியது ஓர் அறுபது நிமிடக் கசெற். தொண்ணூறு நிமிடத்தது வாங்கியிருந்தால் எனக்கு எழுத ஒன்றும் இருந்திராது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ரொறன்ரோவின் பார்க்டேலில் ஓர் அறைக்குள் பலரோடு உருண்ட காலம் முடிந்து, கல்யாணம் கட்டிய மிதப்பில், டண்டாஸ் வீதி மேற்கில் ஒரு வீட்டின் பேஸ்மென்றுக்குக் குடிபோயிருந்தேன். வீட்டுக்காரர் மால்ட்டா தீவிலிருந்து வந்தவர். அந்தத் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான். முதல் ஞாயிறு பின்னேரம் மேலே கிற்றார் சத்தமும், அதன் மேல் ஓர் ஆண்குரல் நீட்டி நீட்டி இழுப்பதும் கேட்டது. என் மனைவி அடுப்பை நிற்பாட்டினாள். "இஞ்சேருங்கோ, மேல செத்தவீடு போல கிடக்கு. ஒருக்கா போய்த் தலையைக் காட்டிப்போட்டு வாங்கோ." இருந்ததில் வெள்ளையான சேர்ட்டைப் போட்டு, முகத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு படியேறினேன். கதவைத் திறந்த வீட்டுக்காரரின் கையில் வைன் கிளாஸ். "ஒருத்தரும் சாகேல்லை. இது ஆனா" என்றார். அவர்களுடைய நாட்டுப்பாட்டுக்கு அதுதான் பெயர். நாலு புத்தகம் படித்தவன் என்ற நினைப்போடு திரிந்த நான், மறுபடியும் ஆனாவிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. (அவர் பேசியது மால்ட்டா ஆங்கிலம், நான் பேசியது யாழ்ப்பாண ஆங்கிலம். இரண்டும் தட்டுத்தடுமாறிச் சந்தித்ததெல்லாம் என் ஞாபகத்தில் தமிழாகவே தங்கிவிட்டது.)

அந்தப் பாட்டில் ஒரு வகை, சண்டை. இரண்டு பேர் எதிரெதிரே நின்று, அந்த இடத்திலேயே கட்டிய நாலு வரிகளால் ஒருவரை ஒருவர் கிழிப்பார்கள். ஒருவருடைய முறையில் மற்றவர் வாய் திறக்கக் கூடாது. எவ்வளவு கிழித்தாலும் கடைசியில் ஒரு சமாதானப் பாட்டுப் பாடித்தான் முடிக்க வேண்டும். அதைப் பாடிவிட்டால் முன்னே சொன்னது எதையும் வாசலுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. இந்த ஒரு விதியை மட்டும் நம்மவர்கள் இறக்குமதி செய்திருந்தால் ரொறன்ரோவில் ஊருக்கு ஒரு சங்கம் போதுமாக இருந்திருக்கும். வீட்டுக்காரரின் தம்பி மெல்பேர்ணில் இருந்தார். தாயின் செத்தவீட்டுக்குத் தம்பி வரவில்லை என்பதில் இருவருக்கும் நேர்ப்பேச்சு நின்று வருடக்கணக்காகிவிட்டது. ஆனால் பாட்டு நிற்கவில்லை. இவர் கசெற்றில் கிழித்து அனுப்புவார். அவர் பதிலுக்குக் கிழித்து அனுப்புவார். ஒருவரை ஒருவர் 'நீ' என்று கூப்பிட அவர்களுக்கு இருந்த ஒரே வழி அதுதான்.

அந்த மாரியில் வீட்டுக்காரர் முதல் தடவையாகத் தாயைப் பாட்டுக்குள் இழுத்துவிட்டார். அம்மாவின் சவப்பெட்டிக்கு ஒரு தோள் குறைந்தது, அந்தத் தோள் மெல்பேர்ணில் வெயில் காய்ந்தது என்று பாடினார். பாடிய பிறகு கூடிப்போய்விட்டது என்று அவருக்கே பட்டிருக்கிறது. அதனால் சமாதானப் பாட்டை வழக்கத்தைவிட உருகிப் பாடினாராம். கசெற்றைத் தபாலில் போட்டுச் சில நாள் கழித்து, அதிலிருந்து எடுத்துவைத்திருந்த பிரதியை நண்பர்களுக்குப் போட்டுக் காட்டினார். என்னையும் கூப்பிட்டிருந்தார். பெட்டி, தோள், வெயில் எல்லாம் வந்தன. பிறகு கிற்றார்க்காரர் உற்சாகத்தில் நீட்டி நீட்டி வாசித்தார். வீட்டுக்காரர் சமாதானத்துக்காகத் தொண்டையைச் செருமுவது கேட்டது. டக். நாடா முடிந்துவிட்டது. பதிவின்போது பாட்டு மும்முரத்தில் யாரும் கவனிக்கவில்லை; தம்பிக்குப் போனதும் இவ்வளவுதான். கிற்றார்க்காரர் எழுந்து, யாரையும் பார்க்காமல் சப்பாத்தைத் தேடினார்.

அதன் பிறகு மேலே பாட்டு இல்லை. சத்தத்தில் தூங்கப் பழகியிருந்த எங்களுக்கு அந்த அமைதியில் தூக்கம் வரவில்லை. தபால்காரர் வரும் நேரத்துக்கு வீட்டுக்காரர் பனியை வழிக்கிற சாட்டில் வாசலில் நிற்பார். பனி கொட்டாத நாளிலும் வழித்தார். இன்றைக்கென்றால் தம்பி கேட்டுவிட்டாரா என்பதை வாட்ஸப்பின் இரண்டு நீலக்கோடு சொல்லியிருக்கும். "போனை எடுத்துக் கதை மனிசா" என்று அவருடைய மனைவி நச்சரித்தார். "பாட்டில சொன்னதுக்குப் பேச்சில மன்னிப்புக் கேட்டால், சொன்னது உண்மையெண்டு ஆகிடும்" என்றார். இன்னொரு கசெற் அனுப்பலாமே என்றேன். "இப்ப அவன்ரை முறை. அதில நான் பாடேலாது."

பதில் வராமல் இருப்பதற்குக் காரணம் கற்பிப்பதில் எங்கள் சனத்தை வெல்ல ஆளில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து அம்மாவின் கடிதம் பிந்தும்போதெல்லாம் நான் எடுத்த பயிற்சி அது. வீட்டுக்காரருக்கும் தாராளமாகக் கொடுத்தேன்: தபால் தவறியிருக்கும், தம்பி வீடு மாறியிருப்பார், படுக்கையில் விழுந்திருப்பார். கடைசிக் காரணத்தைச் சொன்ன நாளிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை. என் மனைவி என்னை மேலே போகவேண்டாம் என்று தடுத்துவைத்தாள். "ஆறுதல் சொல்லத் தெரியாட்டி சும்மா இருங்கோவன்."

ஒரு ஞாயிறு பின்னேரம் வீட்டுக்காரி கீழே வந்து, உங்கள் ஆட்கள் ஊருக்குக் கதைக்கிற அந்த ரெலிபோன் காட் ஒன்று இருக்கிறதா என்று கேட்டார். தம்பி சுகமா என்று மட்டும் கேட்க வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டாராம். மேலே போனேன்; மெல்பேர்ணில் அப்போது திங்கள் காலை. இலக்கங்களை நான்தான் அழுத்தினேன். ஸ்பீக்கரைப் போட்டோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு ஓர் ஆண்குரல். வீட்டுக்காரர் தன் பெயரைச் சொன்னார். அந்தக் குரல் மால்ட்டா மொழியில் ஏதோ கேட்டது. வீட்டுக்காரி என் காதுக்குள் சொன்னார்: "முடிச்சிட்டியோ எண்டு கேக்கிறான்."

"எதை?" என்றார் வீட்டுக்காரர்.

"உன்ரை பாட்டை. சமாதானம் பாடாமல் பாதியில நிப்பாட்டி வைச்சிருக்கிறாய். உன்ரை முறை முடியேல்லை. அதுதான் நான் வாயை மூடிக்கொண்டு இருக்கிறன்."

வீட்டுக்காரர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கிற்றார் இல்லாமல், கண்ணை மூடி, அந்த நாலு வரிகளையும் பாடினார். மூன்றாம் வரியில் பிசகி, திரும்ப எடுத்துப் பாடினார். மறுபக்கம் மூச்சுக்கூடக் கேட்கவில்லை. ரெலிபோன் காட்டில் காசு முடிந்துவிட்டது என்றே நான் நினைத்தேன். அப்போது தம்பி பேசினார். அவர் சொன்னதை வீட்டுக்காரி எனக்கு ஆங்கிலத்தில் சொல்லி முடிக்கமுன் தொடர்பு அறுந்தது: "இப்ப என்ரை முறை. அம்மாவைப் பற்றி எனக்கும் பாட இருக்கு. போனை வை, நான் ரேப் போடோணும்."

வீட்டுக்காரர் போனை வைக்கவில்லை. அதைக் கையில் பிடித்தபடியே என் பக்கம் திரும்பினார். வருடக்கணக்காக அங்கிருந்து கசெற் வாங்குகிற மனிதர், "மெல்பேர்ணில இருந்து தபால் வர எத்தினை நாள் எடுக்கும்?" என்று கேட்டார்.