மண்ணில் நட்ட ஆர்க்கிட்

குடும்பத்தோடு கல்வராயன் மலைக்குப் போனபோது கரியாலூரில் நானும் என் ஓரகத்தி மஞ்சுளாவும் ஆளுக்கொரு ஆர்க்கிட் செடி வாங்கினோம். கள்ளக்குறிச்சியில் எங்கள் இருவர் வீடும் அடுத்தடுத்துதான். வந்ததும் நான் செம்மண்ணும் தொழு உரமும் கலந்து நட்டு, தினமும் தண்ணீர் ஊற்றினேன்.

சில மாதங்களில் அவள் செடியில் ஊதாப் பூக்கள் சரம் சரமாகத் தொங்கின. என்னுடையதில் இலைதான் பழுத்தது. "சின்ன மருமவளுக்கு ராசியான கை" என்று மாமியார் சொன்ன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரே கடை, ஒரே செடி! ஆத்திரத்தில் என் செடியைப் பிடுங்கிக் குப்பையில் போடப் போனேன்.

அதைப் பார்த்துவிட்டு மஞ்சுளா ஓடி வந்தாள். "இன்னாக்கா, மண்ணுலயா நட்ட? வேரு மூச்சு வுட வேணாமா? மண்ணே ஆவாதுன்னு கடைக்காரர் சொன்னாரே! நீ அப்போ செல்ஃபி எடுத்துக்கினு இருந்த!"

அழுகிய வேர்களை வெட்டிவிட்டு, நிறைய ஓட்டை உள்ள தொட்டியில் அடுப்புக்கரியும் ஓட்டுச்சில்லும் போட்டு அவளே நட்டுத் தந்தாள். இப்போதெல்லாம் வேர் காய்ந்து வெளுத்த பிறகுதான் தண்ணீர் தெளிக்கிறேன். இந்த வருடம் என் செடியும் பூத்துவிட்டது.

என்ன, அவள் செடியில் பூ கொஞ்சம் ஜாஸ்தி. பொறாமை முழுதாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது வயிறு எரிவதற்கு முன்னாலேயே, "தொட்டிக்கு இன்னாடி போட்ட?" என்று கேட்டுவிடுகிறேன்.