மந்தைவெளி மொட்டை மாடியில் ஒரு பந்தல்

மண்டபம் வேண்டாம் என்று சொன்னது நான்தான். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மந்தைவெளியில் நானும் அம்மாவும் குடியிருந்த வீட்டின் மொட்டை மாடியில் எல்லோருக்கும் சாப்பாடு. அலங்காரம் முழுக்க எங்கள் கையால். என் கணவராகப் போகிறவர் கோடம்பாக்கத்தில் சினிமாவுக்கு செட் போடும் தச்சர். மூங்கில் நட்டு, தென்னங்கீற்று வேய்ந்து பந்தலை அவரே எழுப்பினார். அம்மாவின் பழைய கைத்தறிப் புடவைகளைக் கிழித்துத் தொங்கவிட்டோம். ஊறுகாய் பாட்டில்களுக்குச் சணல் சுற்றி, உள்ளே மணலும் மெழுகுவர்த்தியும் வைத்தேன். குருத்தோலை ஞாயிற்றுக்குச் சிலுவை மடித்துப் பழகிய அம்மாவின் விரல்கள் ஓலையில் கிளி செய்தன. பக்கத்தில் மாப்பிள்ளையின் அம்மா தோரணம் பின்னினார். அடையாற்றங்கரைக் குடிசையை இடித்தபின் ஊருக்கு வெளியே வீடு கொடுத்து அனுப்பப்பட்ட குடும்பம் அவர்களுடையது.

அந்த ஆற்றங்கரைதான் என் அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் மதியம் படியேறி வந்தான். பாட்டில்கள் இருந்த மேசையை எட்டி உதைத்தான். கண்ணாடி மாடி முழுக்கச் சிதறியது. ஒரு புடவையைப் பிடித்து இழுத்தான். பந்தலின் ஒரு பக்கம் சரிந்தது.

ஏணியிலிருந்து அவர் இறங்கி வந்தார். "மச்சான், உக்காருங்க. பேசிக்கலாம்."

"யாருக்குடா மச்சான்?"

உருண்டு கிடந்த ஒரு பாட்டிலை எடுத்து அவர் முகத்தில் அடித்தான். புருவம் பிளந்து ரத்தம் கண்ணை மூடியது. அப்போதும் அவர் கையை ஓங்கவில்லை. அவருடைய அம்மா ஓடிவந்து குறுக்கே நின்றார்.

"இன்னா பண்ணிக்கினு கீற நீ? எம்புள்ளய உட்ரா!"

அண்ணன் அந்த அம்மாவைத் தள்ளினான். உடைந்த கண்ணாடிமேல் விழுந்து, உள்ளங்கை கிழிந்து, அவர் அலறினார்.

அதைப் பார்த்த பிறகுதான் என்னவர் திருப்பி அடித்தார். இருவரும் கட்டிப் புரண்டார்கள். அண்ணன் பலசாலி. இவர் கழுத்தைப் பிடித்துக் கைப்பிடிச் சுவரில் சாய்த்தான். தலையும் தோளும் சுவருக்கு வெளியே தொங்கின. கீழே மூன்று மாடி ஆழத்தில் தெரு. நான் அண்ணன் கையைக் கடித்தேன், முடியைப் பிடித்து இழுத்தேன். முழங்கையால் என் வாயில் ஒரு குத்து விட்டான். உதடு கிழிந்து உப்புக்கரித்தது. இவர் கால்கள் தரையை விட்டு எழும்புவதைப் பார்த்தேன்.

அப்போது 'சடக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

சரிந்த பந்தலிலிருந்து அம்மா ஒரு மூங்கிலை உருவியிருந்தாள். முதல் அடி அண்ணனின் மணிக்கட்டில். அவன் பிடி விட்டதும் நான் இவரை உள்ளே இழுத்துப் போட்டேன். அம்மா நிறுத்தவில்லை. முதுகில், தோளில், தொடையில் என்று அடித்துக்கொண்டே இருந்தாள். பங்குக் கோயில் பள்ளியில் ஓய்வு பெறும்வரை ஒரு பிள்ளையைக்கூட அடிக்காத டீச்சர் அவள்.

"இன்னொருத்தி பிள்ளையைக் கொல்லவாடா உன்னைப் பெத்தேன்?"

"அம்மா, போதும்! விடும்மா!" பின்னாலிருந்து அவளைக் கட்டிக்கொண்டேன். மூங்கிலைக் கீழே போட்டாள். அண்ணன் ஒடிந்த கையை நெஞ்சோடு அணைத்தபடி படியிறங்கிப் போனான்.

ஆஸ்பத்திரியில் அவருக்குத் தையல் போட்ட டாக்டர், போலீசுக்குத் தெரிவிக்க வேண்டியிருக்கும் என்றார்.

"தெரிவிங்க டாக்டர். அடிச்சது என் மகன்," என்றாள் அம்மா. "அவன் கையை ஒடிச்சது நான். அதையும் சேர்த்துச் சொல்லுங்க."

சாயங்காலம் ஸ்டேஷனில் அண்ணன், இனி எங்கள் வீட்டுப் பக்கம் வர மாட்டேன் என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனான். அவனுக்கு அன்று ஜாமீன் நின்றது அண்ணி.

மறுநாள் ஒற்றைக்கண் வீங்கிய மாப்பிள்ளையும் உதடு வீங்கிய பெண்ணுமாகக் கையெழுத்துப் போட்டோம். விடியற்காலையிலேயே அவருடைய செட் நண்பர்கள் வந்து பந்தலை நிமிர்த்தியிருந்தார்கள். மணிக்கணக்காகப் பெருக்கியும் கண்ணாடித் தூள் போகவில்லை. விருந்தாளிகள் யாரையும் செருப்பைக் கழற்ற விடவில்லை. என் மாமியாருக்குக் கையில் கட்டு. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்து ஊட்டினாள்.

அண்ணனோடு அம்மா இன்றுவரை பேசவில்லை. அண்ணிக்கு மட்டும் போன் செய்கிறாள். "அந்தக் கையால எதையாவது தூக்க முடியுதா அவனுக்கு?" என்று கேட்பாள். பதில் வந்ததும் வேறெதுவும் பேசாமல் வைத்துவிடுவாள்.