அத்தைக்கும் திறக்காத கதவு

கேஸ் நாற்றம் எப்படியிருக்கும் என்று எனக்கு முகரவைத்துக் காட்டியவள் என் அம்மா. ஒரு நாள் கதவு ஜன்னலையெல்லாம் திறந்துவைத்து, என்னையும் தங்கச்சியையும் அடுப்படியில் நிறுத்தி, பற்றவைக்காமலே குமிழை ஒரு நொடி திருகி மூடினாள். அழுகிய முட்டைக்கோஸ் மாதிரி ஒன்று மூக்கில் ஏறியது, தங்கச்சி தும்மினாள்.

"இந்த நாத்தம் வந்தா லைட்டு சுச்சு கிட்ட போவாத. என்னா ஏதுனு பாத்துனு நிக்காத. பாப்பா கையப் புடிச்சுனு வெளிய ஓடு."

"கதவத் தொறக்கவே கூடாதுன்னு சொன்னியே?" என்று மடக்கினேன்.

"வெளிய ஓடுறதுக்குத் தொறக்கலாம்டா. உள்ள வர்றவங்களுக்குத்தான் தொறக்கக் கூடாது."

பத்தாவதோடு நின்றுபோன என் படிப்பில், இவ்வளவு தெளிவாக எந்தப் பாடத்தையும் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

அப்போது எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது. அப்பா ஆட்டோ ஓட்டினார். அம்மா டவுனில் ஒரு லாட்ஜில் ரூம் சுத்தம் செய்தாள். பவுர்ணமி என்றால் ஊருக்கே சாமி நாள், எங்கள் வீட்டுக்கு மட்டும் வேலை நாள். முன்பெல்லாம் அம்மா எங்களையும் லாட்ஜுக்குக் கூட்டிப்போய்த் துவைத்த படுக்கைவிரிப்புக் குவியல்மேல் உட்காரவைப்பாள். புதிதாக வந்த மேனேஜர் "இது என்னா பால்வாடியா?" என்று கேட்டதோடு அது முடிந்தது.

வேங்கிக்காலில் இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, உடனே தீர்ப்புச் சொன்னார். "ரெண்டையும் ஆஸ்டல்ல சேத்துடுடா. யாராச்சும் ஒரு மிட்டாயக் காட்டினா தொறந்துடுங்க ரெண்டும்." ஆஸ்டல் என்றால் பையனுக்கு ஓரிடம், பெண்ணுக்கு வேறிடம். தங்கச்சி ஒன்றாம் வகுப்பு. என் சட்டை நுனியைப் பிடிக்காமல் தூங்கமாட்டாள். அப்பா தன் அக்கா பேச்சுக்குத் தலையாட்டியே பழகியவர், அன்றும் ஆட்டத் தொடங்கினார். "அடுத்த பவுர்ணமி வரைக்கும் டைம் குடுங்க அண்ணி, தனியா இருக்க நான் பழக்கிக் காட்டுறேன்" என்றாள் அம்மா. "ஏடாகூடமா ஏதாச்சும் நடக்கட்டும், அன்னிக்கே ஆஸ்டல்தான்" என்றார் அத்தை.

அந்த மாதம் முழுக்க அம்மா வெளியே போய் நின்று எங்கள் கதவை எங்களிடமே தட்டினாள். கேஸ்காரராக வந்தாள், போஸ்ட்மேனாக வந்தாள். வீட்டில் யாருமில்லை என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. "அம்மா குளிச்சுனு இருக்காங்க, அப்புறம் வாங்க" என்று சொல்லவேண்டும். "அம்மா முந்தாநேத்துலேர்ந்து குளிச்சுனு இருக்காங்க" என்றேன் நான். "சிரிடா, ஆஸ்டல்ல போய் நல்லா சிரி" என்று வெளியிலிருந்து பதில் வந்தது.

ஒரு தடவை குரலைக் கட்டையாக்கி, "உங்கப்பா ஆட்டோ கவுந்துடுச்சு, சீக்கிரம் வாங்க" என்றாள். தங்கச்சி அழுதுகொண்டே ஓடித் தாழ்ப்பாளை இழுத்துவிட்டாள். அம்மா அவளை மடியில் போட்டுக்கொண்டு, "அப்பாவுக்கு ஒண்ணுன்னா பக்கத்து வீட்டு சரசாக்காதான் வந்து சொல்லுவாங்க. வேற யார் சொன்னாலும் பொய்யி" என்றாள். வீட்டில் பூக்கட்டும் சரசாக்காவுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். ஆபத்தென்றால் கரண்டியால் அதில் தட்டவேண்டும். பொழுதுபோகாமல் நான் தட்டியதில் அந்த அக்கா பூவும் கையுமாக ஓடிவந்து, தலையில் குட்டிவிட்டுப் போனார்.

பவுர்ணமியும் வந்தது. மத்தியானத்திலிருந்தே சந்துக்குள் ஆட்கள் ஒதுங்க ஆரம்பித்தார்கள். அம்மா வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்த தண்ணீர்க் குடம் சீக்கிரமே காலி. மலை சுற்ற வந்தவருக்குத் தண்ணீர் இல்லையென்று சொல்லும் வீடு எங்கள் சந்தில் கிடையாது. கதவைத் திறக்கவும் முடியாது. ஜன்னல் கம்பிக்கு நடுவில் டம்ளர் நுழையாது. தெருக்குழாயிலிருந்து தண்ணீர் பிடிக்கும் பச்சை டியூப் ஞாபகம் வந்தது. ஒரு முனையைக் கம்பி வழியாக வெளியே விட்டேன். மறுமுனையில் மண்ணெண்ணெய்ப் புனலைக் கழுவிச் செருகி, தங்கச்சியை நாற்காலிமேல் நிறுத்தி ஊற்றச் சொன்னேன். வரிசையில் நின்று கையேந்திக் குடித்தவர்கள் "அரோகரா" என்றார்கள். ஜன்னலுக்குள்ளிருந்து நான் ஆசீர்வாதம் செய்தேன்.

அந்த வரிசைக்குள் புகுந்துதான் அத்தை கதவைத் தட்டினார். "டேய், அத்த வந்துருக்கேன். தொற."

"அம்மா குளிச்சுனு இருக்காங்க அத்த, அப்புறம் வாங்க."

"அவ லாட்ஜுல இருக்கானு எனக்குத் தெரியும்டா!"

"தெரிஞ்சுமா வந்தீங்க?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அத்தை குரலை இனிப்பாக்கிக்கொண்டு ஜாங்கிரிப் பொட்டலத்தை ஜன்னலில் காட்டினார். "பாப்பா, உனக்குத்தான். வந்து தாழ்ப்பாளத் தொற கண்ணு." நான் தங்கச்சி பக்கம் திரும்பினேன். அன்று தாழ்ப்பாளை இழுத்தவள் இவள்தானே. தங்கச்சி ஜாங்கிரியைப் பார்த்தாள், எச்சில் விழுங்கினாள். நாற்காலியை விட்டு இறங்கவில்லை. "அத்த வரும்னு அம்மா சொல்லவே இல்ல" என்றாள்.

வெயில் கொளுத்தியது. கொஞ்ச நேரம் கழித்து அத்தை ஜன்னலண்டை வந்து, "தண்ணியாவது குடுடா, பாவி" என்றார். "வரிசைல வாம்மா" என்று ஒரு பெரியவர் அதட்டினார். அத்தை வரிசையில் நின்று, டியூபில் கையேந்திக் குடித்தார்.

சாயங்காலம் அம்மாவும் அப்பாவும் சேர்ந்து வந்தபோது, அத்தை சரசாக்கா வீட்டிலிருந்து பாய்ந்து வந்தார். "சொந்த அத்தைய தெருவுல நிக்கவெச்சு, மாட்டுக்குக் காட்டுற மாதிரி தண்ணி காட்டுறான்! நல்லா வளத்துருக்க!"

"மிட்டாயக் காட்டினா தொறந்துடும்னீங்களே அண்ணி" என்றாள் அம்மா. "தொறந்துச்சுங்களா?"

அத்தை அப்பாவைப் பார்த்தார். தலையாட்டும் அப்பா அன்று ஆட்டவில்லை. ஒரு ஜாங்கிரியை எடுத்துத் தங்கச்சி கையில் வைத்துவிட்டு, "உட்டுடுக்கா, இவன எந்த ஆஸ்டல்லயும் சேத்துக்க மாட்டாங்க" என்றார். அதன்பிறகு அந்தப் பேச்சே எழவில்லை.

இன்றைக்கு இதைச் சொன்னால் கேட்பவர்கள் "அச்சச்சோ, சின்னப் பிள்ளைகளைத் தனியாக விட்டா போனாள்?" என்று உச்சுக்கொட்டுகிறார்கள். உங்கள் உச்சை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அவள் விட்டுப்போகவில்லை, பழக்கிவிட்டுப் போனாள். நான் இப்போது வீடுகளுக்குக் கேமரா மாட்டும் வேலை செய்கிறேன். ஆபீசிலிருந்தபடியே பிள்ளையை போனில் பார்க்க நாலு மூலையிலும் மாட்டச் சொல்கிறார்கள். மாட்டி முடித்ததும் அந்தப் பிள்ளையிடம் "கேஸ் நாத்தம் எப்பிடி இருக்கும், தெரியுமா?" என்று கேட்பேன். திருதிருவென்று விழிக்கும். "வேலையப் பாருப்பா" என்பார் வீட்டுக்காரர்.

எங்கள் பழைய வீட்டை இடித்து ரூம்கள் கட்டிவிட்டார்கள். அந்தக் கம்பி ஜன்னல் இல்லை. மலை சுற்றுகிறவர்கள் கையிலேயே பாட்டில் இருக்கிறது. தண்ணீர் கேட்டு யாரும் கதவு தட்டுவதில்லை.

போன வாரம் அத்தை கூப்பிட்டார். மாமா போனபிறகு வேங்கிக்காலில் தனியாக இருக்கிறார், வாசலுக்கு ஒரு கேமரா வேண்டுமாம். உச்சிவெயிலில் ஏணியும் வயருமாகப் போய்க் கதவைத் தட்டினேன்.

"யாரு?"

"நான்தான் அத்த."

கதவு திறக்கவில்லை. பிறகு ஜன்னல் கம்பிக்கு நடுவிலிருந்து ஒரு பச்சை டியூப் மெல்ல நீண்டது.

"அத்த குளிச்சுனு இருக்காங்க" என்றது உள்ளிருந்த குரல். "தண்ணி வோணும்னா குடிச்சுட்டு நில்லு."