முப்பத்தேழக்காவின் பவுடர் டப்பா

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு முப்பத்தேழக்கா என்று பெயர். வயதை வைத்து அல்ல, அதைத் தாண்டிப் பத்து வருஷம் ஆகிறது. வட்டத் தட்டுகளில் உயிரோடு வளரும் செல்களை முப்பத்தேழு டிகிரி சூட்டில் வைத்துப் பராமரிப்பது அவள் வேலை. யாராவது சூட்டுப்பெட்டியின் கதவை அரை நிமிஷம் திறந்து வைத்தால் போதும். "பிள்ளைங்களுக்குச் சளி பிடிக்கப் போகுது, சாத்துங்க!" என்று சீறுவாள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தட்டைக்கூடத் தவறுதலாக மாற்றி வைத்ததில்லை. அவள் சேர்த்த சொத்து அது ஒன்றுதான்.

அவளைப் பற்றி வம்பு பேசவும் ஒன்று இருந்தது. கோட்டுப் பையில் எப்போதும் ஒரு பவுடர் டப்பா. பவுடர் என்றோ தீர்ந்துவிட்டது, மூடிக்குள் பதித்த கண்ணாடி மட்டும் மிச்சம். வேலைக்கு நடுவே அதைத் திறப்பாள், ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பாள், பார்ப்பாள், மூடுவாள்.

"அந்த ரூம்ல இருக்கிறது செல்லுங்க மட்டும்தான். யாருக்கு இந்த அலங்காரம்?" என்று ஸ்டோர்காரர் நாட்டு நலன் கருதிக் கவலைப்பட்டார்.

கூடத்தின் தலைவரான பெரிய டாக்டரிடம் ஒரு கொள்கை இருந்தது. மூளையில் நரம்புகளுக்குத் துணையாக நட்சத்திர வடிவில் சில செல்கள் உண்டு. உடம்பில் வேறெங்கோ பிறந்த புற்றுநோய் செல், ரத்தத்தோடு ஊர் சுற்றி மூளைக்குள் நுழைந்தால், இந்த நட்சத்திரங்கள் அதை அடித்துத் துரத்திவிடும் என்பார். மூன்று வருஷமாக மேடை மேடையாகச் சொல்லிக் கைதட்டலும் வாங்கிவிட்டார். மிச்சம் இருந்தது ஒரு சில்லறை வேலைதான். அது உண்மையா என்று பார்ப்பது.

பார்க்கும் பொறுப்பு அக்காவுக்கு வந்தது. இரண்டு தட்டு. இரண்டிலும் யாரோ ஒரு பெண்ணின் மார்பிலிருந்து வந்த புற்றுநோய் செல்கள். அவற்றுக்குத் துணையாக ஒன்றில் தோல் செல்கள், மற்றதில் நட்சத்திர செல்கள். இரண்டுக்கும் புற்றுநோயைக் கொல்லும் மருந்து, ஒரே அளவு. மூன்றாம் நாள், தோல் செல் தட்டில் புற்றுநோய் செல்கள் சுருண்டு செத்து மிதந்தன. நட்சத்திரத் தட்டிலோ காலை நீட்டிச் சுகமாகப் படுத்திருந்தன.

அக்காவுக்கு வீட்டு சோபா ஞாபகம் வந்தது. இரண்டு நாள் தங்குகிறேன் என்று வந்த தம்பி எட்டு மாசமாக அதில்தான் கிடக்கிறான். அவள் கணவர் கசப்பாக ஏதாவது சொன்னால், பாவம் பிள்ளை என்று அவள்தான் குறுக்கே விழுவாள்.

பெரிய டாக்டர் நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுத்தார்.

"மூடியை மாத்திப் போட்டுட்டீங்க."

"இல்ல சார்."

"பேர் எழுதியிருக்கிறது மூடியில. ரெண்டு மூடியையும் எடுத்து வெச்சுட்டுத் திருப்பி மூடுறப்ப மாறிடும். போன மாசம் நானே..." என்று ஆரம்பித்தவர் இருமி நிறுத்திக்கொண்டார்.

தட்டில் படுத்துவிட்டால் நட்சத்திரமும் தோலும் கிட்டத்தட்ட ஒரே ஜாடை. சாயம் ஏற்றிப் பார்த்தால் தெரியும். அதற்கு ஒரு நாள் வேண்டும். பெரிய டாக்டருக்கோ பொறுமை இல்லை.

"ரெண்டையும் பிளீச்சுல கொட்டுங்க. புது ஆளை வெச்சுப் பண்ணிக்கறேன். நீங்க நாளையிலிருந்து பாட்டில் கழுவுற பக்கம் போயிடுங்க."

இருபத்திரண்டு வருஷச் சொத்து பிளீச் வாளியின் விளிம்பில் நின்றது. அக்கா பவுடர் டப்பாவைத் திறந்தாள்.

"இப்பவா முகம் பார்க்கணும்?"

"என் முகத்தை இல்ல சார், தட்டோட அடியை."

துடைத்த கண்ணாடியை மேஜையில் மல்லாக்க வைத்து, ஒரு சொட்டு சிந்தாமல் தட்டை அதற்கு மேலே பிடித்தாள். அடியில் ஒரு கறுப்புப் புள்ளி. அடுத்த தட்டில் இரண்டு.

"ஒரு புள்ளி தோல், ரெண்டு புள்ளி நட்சத்திரம். செல்லு போடறதுக்கு முன்னாடியே பேனாவால குத்திடுவேன். மூடி மாறலாம் சார், அடி எங்க போயிடும்? தினம் மூடியையும் அடியையும் ஒத்துப் பார்க்கத்தான் இந்தக் கண்ணாடி."

பெரிய டாக்டர் கண்ணாடியைப் பார்த்தார். அதில் புள்ளிகளும் தெரிந்தன, அவருடைய மூக்கும் தெரிந்தது. இரண்டில் எது அதிகம் சங்கடம் தந்தது என்று சொல்வதற்கில்லை.

மறுநாள் சாயம் ஏற்றிப் பார்த்தார்கள். துரத்தவேண்டிய நட்சத்திரங்கள் கை நீட்டிப் புற்றுநோய் செல்களை அணைத்துக்கொண்டிருந்தன.

"என்ன இது, எதிரியைக் காப்பாத்துதுங்களே!"

"வந்தவங்களை விரட்ட மனசு வராது சார். சில பேருக்கு அப்படித்தான்," என்றாள் அக்கா, யாரையும் குறிப்பிடாமல்.

"தொட்டுக்கிட்டு இருக்கிறதாலதான் மருந்து பலிக்கலையோ? நடுவுல சல்லடை வெச்சு, தொட முடியாம வளர்த்துப் பார்க்கணும். எப்ப ஆரம்பிக்கறீங்க?"

"நான் பாட்டில் கழுவப் போகணுமே சார்."

"அட, விடுங்கம்மா!"

அந்த வாரமே சுற்றறிக்கை வந்தது: இனி தட்டின் அடியிலும் குறியிட வேண்டும், ஆளுக்கொரு கைக்கண்ணாடி வழங்கப்படும். முதல் கண்ணாடியை ஸ்டோர்காரரே எடுத்துக்கொண்டு, மிச்சமிருந்த முடியை வாரிப் பார்த்தார்.

சல்லடைத் தட்டுகளை சூட்டுப்பெட்டியில் வைத்துவிட்டு அக்கா வீட்டுக்கு வந்தாள்.

"அக்கா, சாப்பாடு?" என்றது சோபா.

"மேஜை மேல இருக்கு. எழுந்து போய்ப் போட்டுக்கோ."

தம்பி மருந்து விழுந்த செல் மாதிரி சுருண்டான். கணவர் பேப்பரை மெல்லக் கீழே இறக்கினார்.

"உனக்கு உடம்பு சரியில்லையா?"

"சும்மா இருங்க, நடுவுல சல்லடை வெச்சிருக்கேன். மூணு நாள் கழிச்சுத்தான் தெரியும்."