பாலத்துக்கு அந்தப் பக்கம்

கதவைத் தட்டும்போதே, "அம்மா, சுடுதண்ணி வைங்க" என்று குரல் கொடுத்துவிடுவாள். அதனால் போகிற வீடுகளிலெல்லாம் அவளுக்குச் சுடுதண்ணி என்றே பெயர். எழுந்து நடமாட முடியாதவர்களை வீடு தேடிப் போய்க் குளிப்பாட்டி, உடை மாற்றி, புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது அவள் வேலை. சம்பளம் ஒரு தொண்டு நிறுவனம் தருகிறது; நிறுவனத்துக்கு அரசு தருகிறது.

ஆளைத் தொடுமுன் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வாள். கூச்சப்படுகிற ஆண்களிடம், "என்னைப் பாக்காதீங்க, மேல பல்லி இருக்கு பாருங்க" என்பாள். பல்லி இருந்ததே இல்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் கடைசி வீட்டில் படுத்திருக்கும் தையல்காரர் மட்டும், "அதே பல்லிதானே? குஞ்சு பொரிச்சிருச்சா?" என்று கேட்பார்.

போன மாதம் நிறுவனம் தன் எல்லையைப் பாலத்தோடு நிறுத்திக்கொள்ள முடிவு செய்தது. செயலாளர் கெட்டவரில்லை.

"அரசாங்கம் பாக்குற வீட்டுக்குத்தாம்மா தருது, போற வழிக்குத் தரல. இந்தப் பக்கம் அடுக்குமாடியில ஒரே காலைல நாலு வீடு முடிச்சிடலாம். அங்க ஒரு வீட்டுக்கே பாதி நாள் போயிடுது. ஒரு பகுதிய எடுத்துட்டா அதுல யாரு கேட்டாலும் மாட்டேன்னு சொல்லக் கூடாதுன்னு விதி வேற. அதான் மொத்தமா விட்டுட்டோம்."

"அப்ப படுத்துக் கிடக்குறவரு பாலம் தாண்டிப் புரண்டு வந்துடணுமா சார்?"

"வேற அமைப்பு யாராவது எடுப்பாங்க."

"எடுக்குறவங்களுக்கு மட்டும் வழி குறைஞ்சிடுமா?"

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். தையல்காரர் வீட்டில் அவளே பக்குவமாகச் சொல்லிவிட வேண்டும் என்றார். "உன் மேல அவங்களுக்குப் பாசம். நீ சொன்னா ஏத்துப்பாங்க."

கோடு போட்டது அவர்கள். அதைப் போய்ச் சொல்லும் பாவம் மட்டும் அவள் தலையில்.

கடைசி நாள் போனபோது தையல்காரரின் இடுப்பில் தோல் சிவந்திருந்தது. புரட்டிவிடக் கை இல்லாவிட்டால் புண்ணாகிவிடும். விரிப்பை இழுத்து எப்படித் திருப்புவது என்று அவர் மனைவிக்குக் காட்டினாள். வீங்கிய மணிக்கட்டுகளோடு அந்த அம்மா இழுத்துப் பார்த்தார். ஆள் அசையவில்லை.

"விடு, நீதான் இருக்கியே. நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரமா வந்துடும்மா" என்றார் அந்த அம்மா.

சுடுதண்ணி விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டாள். அப்போது அவள் கைபேசி அடித்தது. செயலாளர்.

"சொல்லிட்டியாம்மா?"

அவள் ஸ்பீக்கரை அழுத்தி, கைபேசியைத் தையல்காரரின் தலையணையில், அவர் காதோரமாக வைத்தாள்.