ஈர நெல்லும் நெடுவரிசைச் சேமிப்பும்

நீடாமங்கலம் பக்கம் விவசாயிகள் சேர்ந்து நடத்தும் நெல் கொள்முதல் களம் ஒன்றின் கணினி வேலையை, தஞ்சாவூரில் உட்கார்ந்துகொண்டு நான் பார்த்துவந்தேன். அதிலிருந்தது யாரும் பிரித்துப் பார்த்து மாற்றிக்கொள்ளக்கூடிய இலவசத் தரவுத்தளம். மொத்த விளைச்சல் எவ்வளவு என்று கேட்டால் மூச்சு வாங்கும். பார்த்துப் பார்த்து எரிச்சல்தான் வந்தது. புதிய சேமிப்புப் பொறி ஒன்றை அதில் பூட்டி, எல்லாப் பதிவுகளையும் அதற்கு மாற்றினேன். பழையது ஒரு விவசாயியின் விவரங்களை ஒரே வரியாக வைக்கும். புதியதோ பெயரெல்லாம் ஓரிடம், எடையெல்லாம் ஓரிடம், ஈரமெல்லாம் ஓரிடம் என்று நெடுவரிசையாக அமுக்கி அடுக்கும். கேட்ட மாத்திரத்தில் கூட்டிச் சொல்லிவிடும். என்ன, எழுதியதைத் திருத்த விடாது. போட்ட பதிவை யார் திருத்தப் போகிறார்கள்? பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பு எனக்கு!

மறுநாள் காலை, களத்தில் பதிவு போடும் அக்கா போன் செய்தார்.

"தம்பி, ஈரத்தை மாத்த மாட்டேங்குது. ஒரு அம்மா நெல்லோட நிக்கிறாங்க."

"எதுக்குக்கா மாத்தணும்? புதுசா ஒரு பதிவு போடுங்க."

"அட போங்க தம்பி! புதுசாப் போட்டா வரிசையில கடைசிக்குல்ல போயிடுவாங்க?"

பிறகு விளக்கினார். நெல் ஈரமாக வந்தாலும் அங்கே விரட்ட மாட்டார்களாம். ஈரம் பதினேழு சதவீதத்தைத் தாண்டினால் எடை போட முடியாது; ஆனாலும் அளந்த ஈரத்தை எழுதி, வரிசையில் இடம் கொடுத்துவிடுவார்கள். ரோட்டில் பரப்பிக் காயவைத்துக் கொண்டுவந்தால், அதே பதிவில் ஈரத்தை மட்டும் மாற்றுவார்கள். இத்தனை நாளில் நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அந்த அம்மா குத்தகை நிலத்தில் விளைந்ததை மூன்று நாளாகக் கிளறிக் கிளறிக் காயவைத்திருந்தார். ஈரம் பதினாறுக்கு இறங்கிவிட்டது. கணினியில் பழைய இருபத்தொன்றே நின்றதால் எடைச்சீட்டு வரவில்லை. வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது.

வரிசையில் நிற்பவர்களின் பதிவுகளைப் பழைய சேமிப்புக்கே கொண்டுவந்தேன். எடை முடிந்தவை மட்டும் புதியதற்குப் போகட்டும் என்று அமைத்தேன். அதற்குள் மதியமாகிவிட்டது.

"இப்ப மாறுதாக்கா?"

"மாறும் தம்பி. மழைதான் முந்திக்கிச்சு."

மனசு கேட்கவில்லை. பஸ் பிடித்துப் போனேன். அந்த அம்மா தார்ப்பாயை விலக்கி, நனைந்த நெல்லைக் கையால் தள்ளிக்கொண்டிருந்தார்.

"என் தப்புதாம்மா. மன்னிச்சிடுங்க."

"நீங்களா அது? சரி, அந்த முனையைப் பிடிங்க."

பிடித்தேன். அக்கா மறுபடி அளந்தார். நான் செப்பனிட்ட பட்டியலில் விழுந்த முதல் திருத்தம் அதுதான்: இருபத்திரண்டு. கணினி ஒரு மறுப்பும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டது.

"எடம் போயிடலையே தம்பி?" என்று அந்த அம்மா கேட்டார்.

"போகலம்மா."

"அப்பாடா!" என்று அவர் சிரித்தார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.