யவனர் வந்த வழி

பாரதப் போரில் துரியோதனனுக்குத் துணையாக வெள்ளைக்காரன் கப்பலில் வந்து தேங்காப்பட்டணத்தில் இறங்கினானாம், ஆன்ட்ரூஸ் புத்தகமே எழுதிவிட்டானாம். புதுக்கடைச் சந்தையில் யாரோ சொன்னதை மீன் வாங்கப் போன பக்கத்து வீட்டு சஜிதா கேட்டுவந்து கிரேசியிடம் ஒப்பித்தாள். கிரேசி அதை அப்படியே புருஷனிடம் சொன்னாள்.

ஆன்ட்ரூஸ் சிரித்தார். "தேங்காப்பட்டணம் அவனுவளுக்க சொந்தச் சரக்கு. நான் மேக்குக் கடக்கரைன்னுதான் எழுதியிருக்கேன். பாக்கி எல்லாம் செரிதான்."

தன்மேல் சந்தேகப்படும் பழக்கம் அவருக்கு இல்லை. மீன் ஏலம் விடுகிறவர் வீட்டில் பிறந்து, ஓமான் துறைமுகத்தில் சரக்கு சரிபார்க்கும் வேலை பார்த்தவர். அறையில் கூட இருந்த சுசீந்திரத்துத் தாணுமாலயன் கொண்டுவந்திருந்த பாரதத்தைப் பொழுது போகாமல் எடுத்து, அதில் வரும் அயல்நாட்டாரிடம் மாட்டிக்கொண்டார். சகர் யார்? பகலவர் யார்? சீனர் என்றால் எந்தச் சீனர்?

துறைமுகத்தில் படித்த பாடம்தான் கைகொடுத்தது. கப்பலில் பறப்பது பனாமாக் கொடி, முதலாளி கிரேக்கன், வேலைக்காரர்கள் பிலிப்பைன்ஸ். கொடியை நம்பினால் குடி கெட்டது. எங்கிருந்து வருகிறது, கூட யார் வருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். பேரும் கொடி மாதிரிதான். சீனர், மலைவேடரான கிராதரோடு சேர்ந்து கிழக்கு நாட்டரசன் பகதத்தன் பின்னால் வருகிறார்களா? அப்படியானால் கிழக்கு இமயத்தை ஒட்டித் தேடு; இன்றைய சீனா முழுவதையும் அதில் திணிக்காதே. பகலவர் பாரசீகப் பக்கம். சகர் அதற்கும் வடக்கே, புல்வெளிக் குதிரைக்காரர்கள். இப்படி ஒவ்வொருவராகப் பிடித்துப்போட்டார்.

"மீன்காரன் வீட்டுப் பயலுக்குப் பாரதம் எதுக்குலே?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில்தான் இந்தப் புத்தகம். நாகர்கோவில் அச்சகத்தில் இன்று மத்தியானம் அச்சேறுகிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்கு வாசகசாலையில் வெளியீடு.

சரிபார்க்க வந்த தாள்களில் கடைசித் தாளைக் கிரேசி கையில் எடுத்தாள். அது வரைபடம். மேற்குக் கரையை நோக்கி ஒரு கப்பல், கீழே 'யவனர்'.

"இஞ்ச பாருங்க, இவன் கப்பல்ல வந்தான்னு பாரதத்துல எங்க இருக்கு?"

"பின்ன எப்பிடி வருவான்? மொளகு வாங்கக் கப்பல்லதானே வந்தான்? பழைய பாட்டுல இருக்கே."

"மொளகு வாங்குனவன் இருக்கட்டும். சண்டைக்கு வந்தவனக் கேக்கேன். இஞ்ச எறங்கி, குதிரையையும் கொண்டு எரணியல்ல டிரெயின் ஏறுனானா?"

ஆன்ட்ரூஸ் பாரதத்தை எடுத்துப் புரட்டினார். காம்போஜ மன்னன் சுதட்சிணன் யவனரையும் சகரையும் கூட்டிக்கொண்டு வருகிறான். திரும்பப் புரட்டினார். போர்க்களத்திலும் காம்போஜர், சகர், யவனர் என்று ஒட்டியே நிற்கிறார்கள். எல்லாம் வடமேற்கு மலைக்கணவாய்க்காரர்கள். கப்பல் ஒன்றுகூட இல்லை.

எல்லாரிடமும் கேட்ட கேள்வியை யவனரிடம் மட்டும் அவர் கேட்கவில்லை. கடப்புறத்துக்காரனுக்கு அந்நியன் என்றால் கடல்வழிதான். மிளகு வாங்கியவன் அப்படித்தான் வந்தான், ஞானஸ்நானம் கொடுத்தவனும் அப்படித்தான் வந்தான். குருக்ஷேத்திரத்துக்கு வந்தவனோ தரைவழியாக, வடமேற்கில் குடியேறிய கிரேக்கரின் பக்கமிருந்து வந்தவன். பேர் ஒன்று, ஆள் வேறு, வழி வேறு.

இந்தப் படம் அச்சேறினால் சந்தைப் பேச்சு மெய்யாகிவிடும். வாசகசாலையில் முதல் சிரிப்பு அவரைப் பார்த்துத்தான்.

பென்சிலால் கப்பலை அடித்துவிட்டு, கணவாயிலிருந்து குருக்ஷேத்திரத்துக்குத் தடுமாறாமல் ஒரு கோடு இழுத்தார். "தப்பு எனக்கது. திருத்தவும் எனக்குத் தெரியும்."

"நல்ல கோடுதான். அச்சாபீசுல சொல்லாண்டாமா?"

அச்சகத்து ஷாஜனின் எண்ணைப் போனில் அழுத்தி ஒலிபெருக்கியில் போட்டார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

"மெசின் ஓடுனா அவனுக்குக் காது கேக்காது," என்றாள் கிரேசி. "இன்னும் ஒருக்க அடியுங்க."

சட்டையை மாட்டிக்கொண்டே மறுபடி அழுத்தினார். பைக் சாவியைக் கிரேசி எடுத்துவந்து நீட்டினாள். மேசைமேல் போனில் மணி அடித்துக்கொண்டிருந்தது.